பழைய நாணயத்துக்குத் தரச்சான்று எடுக்கலாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பழைய காசு இரண்டு வழிகளில் கைக்கு வருகிறது. ஒன்று வீட்டு வழி: அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் கிடந்தது, அல்லது இடப்பெயர்வின்போது காணி உறுதியோடு சேர்த்துத் துணியில் முடிந்து கொண்டுபோனதால் தப்பியது. மற்றது மண் வழி: மாரி மழை ஓய்ந்த பிறகு வயல் வரம்பிலோ குளக்கட்டிலோ கழுவுண்டு மேலே தெரிவது. எந்த வழியில் வந்த காசாக இருந்தாலும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று எடுத்தால் பெருந்தொகை கிடைக்குமாமே, உண்மையா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலான காசுகளுக்கு என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஏன் வேண்டாம் என்பதையும், எந்தச் சிலவற்றுக்கு வேண்டும் என்பதையும் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தரமதிப்பீடு செய்யும் நிறுவனம் உண்மையில் என்ன செய்கிறது?

மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில் நாணயம் அசலா போலியா என்று பார்க்கிறது. அடுத்து, அது எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, மேற்பரப்பு இயற்கையாக இருக்கிறதா, யாராவது கைவைத்துக் கெடுத்திருக்கிறார்களா என்று ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீட்டாளர்களைக் கொண்டு பார்த்து ஓர் எண்ணைத் தருகிறது. கடைசியாக, திறந்தால் திறந்தது தெரியும்படி ஒட்டப்பட்ட கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் நாணயத்தை வைத்து, விபரமும் சான்றிலக்கமும் அச்சிட்ட சீட்டையும் உள்ளே வைத்து மூடுகிறது. உலகளவில் சந்தை நம்பும் பெயர்கள் இரண்டு: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ் (PCGS), 1987இல் தொடங்கிய என்ஜிசி (NGC). இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள்.

அவை செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பும் நாணயத்துக்கு அவை விலை குறித்துத் தருவதில்லை. அதை விற்றுத் தருவதில்லை. அந்தக் காசு உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, யார் கையில் இருந்தது, எந்த மண்ணில் கிடந்தது என்பதையும் அந்தச் சீட்டில் காண முடியாது.

அந்த எண் 1 முதல் 70 வரை போகிறது என்கிறார்கள். 70க்கு 35 என்றால் பாதிப் புள்ளி என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. இது பரீட்சைப் புள்ளி அல்ல. அமெரிக்காவின் பழைய செம்புச் சதங்களை வகைப்படுத்த வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் வெளியிட்ட அளவுகோலே பின்னர் எல்லா நாணயங்களுக்கும் விரிந்தது. 60 முதல் 70 வரையானவை புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். 50 முதல் 58 வரை மிகச் சிறிது தேய்ந்தவை; 40, 45 என்பன கூர்மை பெரிதும் குறையாதவை; 20 முதல் 35 வரை தேய்மானம் தெளிவாகத் தெரிந்தாலும் முக்கிய விபரங்கள் நிற்பவை. 10க்குக் கீழே போனால் உருவத்தின் வெளிக்கோடு மட்டுமே எஞ்சியிருக்கும். ஆகவே, நூறு ஆண்டுகள் கைமாறிய ஒரு வெள்ளிக்காசு 30 பெறுவது குறைவான பேறு அல்ல.

எண்ணே தராமல் திருப்பி அனுப்பப்படும் நாணயங்களும் உண்டு. துளையிட்டது, காது ஒட்டியது, தேய்த்து மினுக்கியது, கீறியது, அரித்தது ஆகியவற்றுக்கு "இது அசல், ஆனால் இன்ன பழுது உண்டு" என்ற குறிப்போடு மட்டும் உறையிட்டு அனுப்புவார்கள். கட்டணத்தில் குறைவு இராது. நமது வீடுகளில் இருந்து போகக்கூடிய காசுகளில் கணிசமானவை இந்த வகைக்குள்ளேயே விழும் என்பதால், அனுப்புவதற்கு முன் நேர்மையாகப் பார்க்க வேண்டிய முதல் விடயம் இதுதான்.

பண்டைய நாணயங்களை மதிப்பிடும் முறை வேறு. என்ஜிசியின் பண்டைய நாணயப் பிரிவு எழுபதுப் புள்ளி எண்ணைத் தருவதில்லை; தேய்மானத்தைச் சொல்லால் குறித்து, அச்சுப் பதிந்த அழகுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்று கொடுக்கிறது. அத்தகைய நாணயத்தை அனுப்ப எண்ணுபவர் அந்தப் பிரிவின் உத்தரவாத விதிகளை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். இக்கால நாணயத்துக்குக் கிடைக்கும் அதே உத்தரவாதம் இதற்கும் கிடைக்கும் என்று ஊகித்து விடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் பொதுவாக என்னென்ன காசுகள் காணப்படுகின்றன? அவற்றில் எதற்குத் தரச்சான்று பொருந்தும்?

பழைமை வரிசையில் சொல்கிறேன். மன்னாருக்கு அருகேயுள்ள பழைய மாந்தைத் துறைமுகம் கடல் வாணிபத்தில் செழித்திருந்த காலத்தின் எச்சமாக, கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்டவையும் இலங்கையில் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. சிறு விரல் நகமளவானவை. பெரும்பாலும் உருவம் தெரியாமல் தேய்ந்தவை. அடுத்து, நிற்கும் அரசனை ஒருபுறமும் அமர்ந்த அரசனை மறுபுறமும் கொண்டு நாகரி எழுத்தில் பெயர் பொறித்த செப்புக்காசுகள்: இராசராச சோழனின் காசும், அந்த வடிவத்தையே பின்பற்றிப் பொலநறுவை அரசர்கள் வெளியிட்டவையும். அதற்குப் பின், யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு. படுத்திருக்கும் நந்தியும் பிறையும் கீழே தமிழில் "சேது" என்ற சொல்லும் இருப்பதால், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையும் அதை வாசித்து விடும். தமிழ் எழுத்துத் தாங்கிய இந்தக் காசை முதன்முதலாகக் கையில் எடுத்த நாளை நான் மறக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசுகள் அவற்றைவிடத் தாராளமாகக் கிடைப்பவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் VOC என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரையைக் கொண்டு அவற்றை இனங்காணலாம். ஐரோப்பாவில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்த காசுகளும் உண்டு. கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அடித்து, இடத்தின் முதலெழுத்தை மேலே பொறித்த தடித்த காசுகளும் உண்டு. ஆங்கிலேயர் 1801 முதல் வெளியிட்ட யானைக் காசுகள், 1821ஆம் ஆண்டிட்ட வெள்ளி இறைசால் (ஆங்கிலத்தில் றிக்ஸ்டொலர்), 1870ஆம் ஆண்டிட்ட விக்ரோறியா இராணியின் செப்புச் சதங்கள், இங்கே புழங்கிய இந்திய வெள்ளி ரூபாக்கள் என்று பட்டியல் நீளும்.

இவற்றுள் தரச்சான்றின் பயன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆங்கிலேயர் கால நாணயங்களில்தான் என்பேன். அவற்றிலும் புழங்காத நிலையில் தப்பியவற்றில் மட்டுமே. தேய்ந்த இறைசாலுக்கும் அச்சடித்த பளபளப்பு மாறாத இறைசாலுக்கும் விலையில் பெரும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை மூன்றாம் தரப்பு ஒன்று உறுதிப்படுத்தும்போது வாங்குபவர் தயங்குவதில்லை. போலி மலிந்த அரிய ஆண்டுகளுக்கும் சான்று தேவைப்படும். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டிட்ட இந்திய வெள்ளி ரூபா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மிக அரியது. ஆகவே ஆண்டெண்ணைத் திருத்திச் செய்த போலிகளும் சுற்றுகின்றன. சான்றில்லாத 1939 ரூபாவுக்கு அறிந்த எவரும் முழு விலை கொடுக்க மாட்டார். அதற்கு மாறாக, 1862 என்று ஆண்டிட்ட விக்ரோறியா ரூபாவை எடுத்தால், அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே 1874 வரை அடித்ததால் அது ஏராளமாக இருக்கிறது. தேய்ந்த ஒன்றுக்குச் சான்று எடுப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

காணியில் மண் வெட்டும்போது கிடைத்த காசை அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது, அது உங்களுடையது என்றும் கருதிவிடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நியாயமாகக் கொள்ளத்தக்க நாணயம் தொல்பொருள் ஆகும். மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்த தொல்பொருள், காணி யாருடையதாக இருந்தாலும், அரசுக்கு உரியது. கிடைத்தவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். நமது ஊர்களில் நடைமுறையில் கிராம அலுவலர் மூலமாகவோ, பிரதேச செயலகத்திலோ, பொலிஸ் நிலையத்திலோ எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்துக்கொள்வது நல்லது.

சட்டத்துக்கு அப்பால் எனக்கு இதில் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று உயிர் பற்றியது. ஒரு காசு கிடைத்த இடத்தில் இன்னும் இருக்கும் என்று உலோகம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு பற்றைக்குள் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டுகள் நீண்டது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கருவியின் ஒலியை வைத்துக் காசையும் வெடிபொருளையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது சொந்தக் காணியிலும் குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, எந்தக் காசுக்காகவும் ஒரு காலை இழக்க வேண்டியதில்லை.

மற்றது வரலாறு பற்றியது. உருவம் அழிந்த உரோமச் செப்புக்காசு ஒன்றைச் சந்தையில் விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதே காசு எந்தக் குளக்கட்டில், எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத் துண்டுகளுக்கும் மணிகளுக்கும் நடுவில் கிடந்தது என்று பதிவாகும்போது, அங்கே ஒரு குடியிருப்பு இருந்ததையும் அது கடற்கரையோடு தொடர்பு வைத்திருந்ததையும் சொல்லும் சாட்சியாகிறது. பூநகரியிலும் மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தின் அயலிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த ஆய்வுகள், நம் நிலத்தில் சிதறிக் கிடப்பவற்றிலிருந்து எவ்வளவு அறியலாம் என்பதைக் காட்டியவை. இடம் தெரியாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போன காசால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

மண்ணில் எடுத்ததல்ல, பரம்பரையாக வீட்டில் இருந்த ஒல்லாந்தர் காசு. அதை அனுப்பத் தடை உண்டா?

வீட்டில் வைத்திருப்பது வேறு, நாட்டுக்கு வெளியே அனுப்புவது வேறு. மதிப்பீட்டுக்கு அனுப்பித் திருப்பிப் பெறுவதும் ஏற்றுமதிதான். தொல்பொருள் எதையும் தொல்பொருளியல் திணைக்களத்தின் உரிமம் இன்றி ஏற்றுமதி செய்ய முடியாது. 1815 என்ற எல்லையை மனத்தில் வைத்துப் பார்த்தால் சேதுக் காசு, பொலநறுவைக் காசு, ஒல்லாந்தர் காசு, 1801 முதல் வந்த முதல் ஆங்கிலேய யானைக் காசுகள் ஆகிய எல்லாமே தொல்பொருள் வரம்புக்குள் வந்துவிடுகின்றன. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய 1803இல் அங்கிருந்த சிப்பாய்களின் சட்டைப்பையில் கிடந்திருக்கக்கூடிய காசும் சட்டப்படி தொல்பொருள் என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

அப்படியானால் 1821 இறைசாலையும் 1870 சதத்தையும் தடையின்றி அனுப்பலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கிறது. ஆகவே நூறு ஆண்டைத் தாண்டிய எந்தக் காசாக இருந்தாலும், முதலில் படங்களோடு திணைக்களத்துக்கு எழுதி, இதற்கு உரிமம் வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் பிறகு சுங்கத்திலும் உதவும். உறையிட்ட நாணயம் திரும்பி வரும்போது, அது புதிதாக வாங்கிய பொருள் அல்ல, இங்கிருந்து போன உங்கள் பொருளே என்று காட்ட ஏதேனும் பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

லண்டனுக்குப் போகும் தம்பியிடம் கொடுத்துவிட்டால் என்ன?

சட்டம் அதையும் ஏற்றுமதி என்றே பார்க்கும். வேறுபாடு ஒன்றுதான்: விமான நிலையத்தில் பிடிபடுபவர் நீங்கள் அல்ல, தம்பி. அவருக்கு அதை முழுமையாகச் சொல்லாமல் பொதிக்குள் வைத்து அனுப்புவது பெரிய அநியாயம்.

கறுத்துப் போயிருக்கிறது. பழப்புளி போட்டு மினுக்கிவிட்டு அனுப்பலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துவிளக்குக்குப் பழப்புளியும் சாம்பலும் போடுவது நம் வீட்டு வழக்கம். விளக்கைப் பொறுத்தவரை அது சரி. நாணயத்தின் மேற்பரப்பில் இருக்கும் கருமையும் பழுப்பும் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடும் மண்ணோடும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய தோல் அது. புளியின் அமிலம் அந்தத் தோலைத் தின்கிறது. சாம்பலும் பற்பசையும் மினுக்கு எண்ணெய்யும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போடுகின்றன. பளபளப்பு வரும், ஆனால் அது அச்சடித்தபோது உண்டான பளபளப்பு அல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சாய்த்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரு நொடியில் வேறுபட்டுத் தெரியும். மினுக்கிய காசுக்கு எண் கிடைக்காது. சேகரிப்பவர்களிடம் விலையும் கிடைக்காது. பழைய நிலைக்குத் திருப்பவும் வழியில்லை.

நான் பார்த்த மிக நல்ல இறைசால் ஒன்று, விற்க வந்த நாளுக்கு முந்தின இரவு இப்படி மினுக்கப்பட்டிருந்தது. கொண்டுவந்த ஐயா நல்லெண்ணத்தோடு செய்தது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எண்ணியது அன்றுதான்.

செய்யக்கூடியது மிகச் சிறிது. மேலே ஒட்டிய மண்ணை வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் தானாக இளக விடலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கலப்பற்ற அசிற்றோனில் தோய்த்து எடுக்கலாம். அது உலோகத்தைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் வைத்துச் செய்யக் கூடாது. செம்பில் கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பை அப்படியே விட்டுவிடுங்கள். மாறாக, வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து நாளுக்கு நாள் பரவும் பூச்சு தெரிந்தால் அது உப்பினால் வரும் நோய். கடலும் களப்பும் சூழ்ந்த முல்லைத்தீவு, பூநகரி மண்ணில் கிடந்த செம்புக்கு இது வரக்கூடியது. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடி வைத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

செலவும் வரவும் கட்டுமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

நாணயத்துக்கான கட்டணத்தை மட்டும் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அதற்கு மேல் உறுப்புரிமைச் சந்தா, கையாளும் கட்டணம், காப்புறுதியோடு அனுப்பும் செலவு, திருப்பி அனுப்பும் செலவு, சில வேளை சுங்கச் செலவு என்று அடுக்கடுக்காக வரும். சாதாரணத் தபாலில் நாணயம் வைத்து அனுப்பக் கூடாது; கூரியர் நிறுவனம் நாணயத்தை ஏற்குமா, தொலைந்தால் ஈடு தருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. நீங்கள் அனுப்பும் காலத்துத் தொகைகளை இட்டுப் பாருங்கள். சான்றில்லாமல் ஒரு இறைசால் 40,000 ரூபாவுக்கும், நல்ல எண்ணோடு சான்று பெற்றால் 60,000 ரூபாவுக்கும் போகும் என்று வைப்போம். கூடுதல் வரவு 20,000. ஒரு நாணயத்துக்கான கட்டணம் 30 டொலர், ஏனைய எல்லாச் செலவும் சேர்ந்து 120 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்றால் மொத்தச் செலவு 45,000 ரூபா. 25,000 ரூபா கைநட்டம். ஐந்து நாணயங்களை ஒன்றாக அனுப்பினால் அந்த 120 டொலர் ஐந்தாகப் பிரியும். மொத்தச் செலவு 81,000, மொத்தக் கூடுதல் வரவு ஒரு இலட்சம். 19,000 ரூபா மிஞ்சுகிறது. ஆனால் ஐந்தில் ஒன்று பழுதுக் குறிப்போடு திரும்பினாலே வரவு 80,000 ஆகிவிடும், மறுபடியும் நட்டம்.

இந்தக் கணக்கிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் நடைமுறை இதுதான். சான்று கொடுக்கும் கூடுதல் விலை, எல்லாச் செலவையும் போல இரு மடங்காவது இருக்கும் என்று நிதானமாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும். விற்கும் எண்ணமே இல்லாதவர் வரவுக் கணக்கைப் போட வேண்டியதில்லை. அவர் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இது அசலா என்ற ஐயம் என்னை உறுத்துகிறதா, அதைத் தீர்க்க இவ்வளவு செலவிட மனமுண்டா?" என்பதை மட்டுமே. இன்னொன்றையும் எண்ண வேண்டும்: கிளிநொச்சிச் சந்தையில் அந்த உறைக்கு யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். கூடுதல் விலை தருபவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வெளிநாட்டவருக்கு விற்றால் ஏற்றுமதிச் சட்டம் மறுபடி குறுக்கே வரும்.

அனுப்புவதற்கு முன் போலியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

முழு உறுதி கிடைக்காது. ஆனால் வெளிப்படையான போலிகளை அகற்ற முடியும். முதலில் காந்தம். தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அடுத்து, கிராமின் நூறில் ஒரு பங்கு காட்டும் இலத்திரனியல் தராசு; நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். இந்திய வெள்ளி ரூபா 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. புழக்கத்தில் தேய்ந்தது சற்றுக் குறையலாம். ஆனால் 10 கிராமுக்கு இறங்கினாலும் 12ஐத் தாண்டினாலும் ஐயப்பட வேண்டும்.

அதன் பிறகு நீர்ச் சோதனை. ஒரு குவளை நீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எடையால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 1939 வரையான இந்திய ரூபாவில் வெள்ளி 91.7 வீதம் என்பதால் விடை 10.3க்கு அருகில் வர வேண்டும். தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். 8, 9 என்று வந்தால் அது வெள்ளி பூசிய வேறு உலோகம். நூலில் கட்டும்போது விளிம்பைக் கீறாதபடி பருத்தி நூலைப் பயன்படுத்துங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: வார்ப்பில் செய்த போலியின் மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள் போன்ற குமிழ்க்குழிகள் இருக்கும், எழுத்துகளின் ஓரம் சவர்க்காரக் கட்டியில் எழுதியது போல மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகளை இணைத்த கோடு தெரியலாம்.

தாலிக்கொடியில் இருக்கும் பவுண் காசுக்குத் தரச்சான்று எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பவுண் என்று இங்கே சொல்வது சவரின் எனப்படும் ஆங்கிலேயத் தங்க நாணயத்தை. கொடியில் கோத்த காசில் காது ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தில் வெப்பம் பட்டு உலோகம் இளகியிருக்கும். அணிந்து அணிந்து முகம் தேய்ந்திருக்கும். அது எண் பெறாது. சில கொடிகளில் இருப்பது நாணயமே அல்ல, பத்தர் அதன் உருவில் செய்த நகையுறுப்பாகவும் இருக்கலாம். அசலான பவுணின் எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீற்றர்.

கொடியில் கோக்காமல் தனியாக வைத்திருந்த பவுண் என்றால் ஆண்டையும், அது எங்கே அடிக்கப்பட்டது என்று காட்டும் சிறிய எழுத்தான அச்சகக் குறியையும் பாருங்கள். இலண்டன், சிட்னி, மெல்பேர்ண், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோறியா ஆகிய இடங்களிலும், 1918இல் மட்டும் பம்பாயிலும் பவுண் அடிக்கப்பட்டது. குறியில்லாத 1917 இலண்டன் பவுண் மிக அரியது. அதே ஆண்டில் ஒஸ்ரேலிய அச்சகக் குறியோடு வந்தவை சாதாரணம். அரிய ஆண்டு என்று தெரிந்தால் சான்று பயன் தரும். ஏனையவற்றின் விலை தங்கத்தின் விலையை ஒட்டியே போகும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் சரியான அளவு தங்கத்தையே இட்டுச் செய்த போலிப் பவுண்களும் உலகெங்கும் பரவின என்பதால், எடையும் அடர்த்தியும் சரியாக இருப்பது அசல் என்பதற்குச் சான்றாகாது. தங்கப் பெறுமதி மட்டும் போதும் என்பவருக்கு அதனால் நட்டமில்லை.

ஏற்கனவே உறையிட்ட நாணயம் ஒன்றை ஒருவர் விற்க வருகிறார். நம்பி வாங்கலாமா?

உறையையே போலியாகச் செய்கிறார்கள். சீட்டிலுள்ள சான்றிலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள். விற்பவர் தரும் இணைப்பைத் திறக்காதீர்கள். அங்கே படம் இருந்தால் கீறல், கறை, நிறம் எல்லாம் கையிலிருக்கும் காசோடு ஒத்திருக்க வேண்டும். இலக்கம் உண்மையாக இருந்து நாணயம் வேறாக இருப்பதும் நடப்பதே.

தொலைபேசியில் அழைத்து, படத்தைப் பார்த்தே பல இலட்சம் தருவதாகச் சொல்கிறார்கள்...

பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி என்று எந்தப் பெயரிலும் உங்களிடம் முற்பணம் கேட்டால் அது மோசடி. வாங்குபவர் பணம் தருபவர், கேட்பவர் அல்லர். அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

தரச்சான்று வேண்டாம் என்று முடிவெடுத்தால் காசை வைத்து என்ன செய்வது?

முதலில் அதற்கு ஓர் எழுத்துப் பதிவு செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, இரு முகங்களையும் விளிம்பையும் படமெடுங்கள். எடை, குறுக்களவு, வீட்டில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது, எந்த இடப்பெயர்வில் யார் கொண்டு போனார் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் திகதியும் கையொப்பமும் இடுங்கள். நமது பகுதியில் பத்திரங்களையும் படங்களையும் இழக்காத குடும்பம் அரிது. அந்தக் காசோடு சேர்ந்த கதையைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால், பின்னாளில் அதை வாங்குபவருக்கும் ஆராய்பவருக்கும் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. படங்களின் பிரதியை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பி வைக்கலாம். படத்தை அனுப்ப எந்த உரிமமும் வேண்டியதில்லை.

சேதுக் காசு போன்ற பழைமையானவற்றின் படத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையினருக்குக் காட்டுங்கள். அவர்கள் விலை சொல்ல மாட்டார்கள். ஆனால் கையிலிருப்பது என்ன என்று சொல்வார்கள். அதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

பிறகு பாதுகாப்பு. மென்மையாக வளையும், ஒருவித மணம் வீசும் பிவிசி பிளாஸ்டிக் பைகளில் வைக்க வேண்டாம். வன்னி வெயிலில் அவை கசிந்து நாணயத்தில் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் என்ற ஒளிபுகும் மெல்லிய தாளாலான உறையோ, அளவுக்கேற்ற கெட்டிப் பிளாஸ்டிக் சிமிழோ போதும். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரலின் வியர்வை செம்பில் ரேகையாகவே பதிந்துவிடும். தகரக் கூரைக்கு நேர்கீழே உள்ள அலுமாரித் தட்டில் வைக்காமல், சுவரோரமான கீழ்த்தட்டில் சிலிக்காப் பொதியோடு வைத்து, மாரி தொடங்கும்போது அந்தப் பொதியை மாற்றுங்கள்.

சான்று எடுத்த பிறகு உறையை உடைத்து நாணயத்தைக் கையில் எடுக்கலாமா?

எடுக்கலாம், நாணயம் உங்களுடையது. உடைத்த கணத்தில் நிறுவனத்தின் உத்தரவாதம் முடிந்துவிடும். அந்த எண்ணையும் பிறகு யாரும் ஏற்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர், அனுப்புவதற்கு முன்பே அவர்கள் கையில் ஒருமுறை கொடுத்து, விளிம்பில் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிடுவது நல்லது.